என்ன ஆனாலும் சரி

சைக்கிளில் ஏறி மிதித்தால் அது நடை ஆகாது, இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நடைதான், அதில் சந்தேகமில்லை, ஆனால் பாதி தூரம் மிதித்துப் பாதி தூரம் தள்ளினால் நேர்ச்சை பாதி செலுத்தினதாகுமா, இல்லை மொத்தமுமே செலுத்தாததாகிவிடுமா என்று பிரகாசிக்குப் பிடிபடவில்லை. உப்பளத்துப் பாலத்தைத் தாண்டினதிலிருந்து இதே யோசனைதான், பெடல் ஒரு சுற்று சுற்றி வர யோசனையும் ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது. மார்கழி வாடைக்காற்று நேர் எதிரே அடித்தது. சாம்பல் கரைத்து ஊற்றினது போல வலது கைப்பக்கம் கடல் கிடந்தது, வலது கைப்பக்கம் என்று நினைத்ததுமே அந்தச் சொல் இடித்தது, வேண்டாம், கிழக்குப் பக்கம் என்று சொல்லிக்கொள்வோம், கிழக்குப் பக்கம் கடல். நடந்தே வருவேன் என்றுதான் ஆடி மாதத்தில் சொல்லியிருந்தாள், மணல்முனை மாதா கோயிலுக்குக் கிறிஸ்து பிறப்புக்கு முன்னால் வெறுங்காலோடு நடந்தே வந்து, உன் காலடியில் முழந்தாள் போட்டு நன்றி சொல்லுவேன் என்று. அப்போது முழங்கால் இந்த அளவுக்கு மோசமில்லை. மகனுக்குத் துணையாக ஆஸ்பத்திரித் தரையில் இருபத்திரண்டு நாள் படுத்து எழுந்தபிறகுதான் இடது முட்டி இப்படி ஆனது, ஐம்பத்து மூன்று வயதுக்கு இது ஒரு வலியா என்று எழுந்து நின்றால் அது உட்கார் என்கிறது, மிதிக்கும்போது மட்டும் எப்படியோ சும்மா இருக்கிறது. அதனால்தான் சைக்கிள். செருப்பைக் கழற்றி வயர்கூடையில் போட்டாயிற்று, வெறுங்கால் என்கிற பாகமாவது பொய்யாகாமல் இருக்கட்டும். இரும்புப் பெடல் ஐஸ் மாதிரி உள்ளங்காலில் ஏறியது. திருப்பூரில் இருக்கிற மகள் விண்ணரசி கொடுத்தனுப்பின ஸ்வெட்டரையும் மீறி காற்று உள்ளே புகுந்து முதுகைத் தடவிப் பார்த்தது. இறால் பண்ணைக்காரர்களின் விசிறி தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தது, அந்தச் சுற்றுகிற சத்தம் ஆகவே ஆகாது, சுற்றுகிற எதுவுமே இப்போது ஆகாது. அவள் கண்ணைக் கடல் பக்கம் திருப்பி, அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள், மிதிக்கு ஒரு வார்த்தையாக. கடைசியில் மரண வேளை என்று வருகிற இடத்தில் நாக்கு இடறியது. அறுபது வருஷம் சொல்லுகிற கிழவிகளுக்குக்கூட அந்த வார்த்தை பழகின பாத்திரம் மாதிரிதான், அவளுக்கும் அப்படித்தான் இருந்தது, இப்போது வார்த்தை ஒவ்வொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டியதாக இருக்கிறது, எதற்குள் என்ன ஒளிந்திருக்குமோ.

என்ன ஆனாலும் சரி. அந்த மூன்று வார்த்தையை எதற்காகச் சொன்னாள். அவற்றைச் சொல்லாமலே அந்த வேண்டுதல் முழுசாகத்தானே இருந்தது. மாதாவே, என் மகன் ரூபன் இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான், அதோடு வாயை மூடியிருக்கலாம். அன்றைக்கு, கவிழ்ந்த படகில் போன தெற்குத் தெருப் பையன்கள் இரண்டு பேரையும் கரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள், தார்ப்பாயை விலக்கினதும் அந்த வீட்டுப் பெண்கள் போட்ட சத்தம் ஊர்க்கோயில் வரைக்கும் வந்தது. பிரகாசி பீடத்துக்கு முன்னால் தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு, மாதாவே, என்ன ஆனாலும் சரி, இவன் இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்று சொன்னாள். மனசுக்குள் சொல்லவில்லை, வாய்விட்டுச் சொன்னாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. யாராவது ஒரு வெற்றுத்தாளை நீட்டினால் கீழே கைநாட்டு வைக்காதே, என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டியாவது படித்துப் பாரு என்று அறிவொளி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எழுத்தும் சைக்கிளும் ஒரே வருஷத்தில்தான் படித்தாள், இரண்டையும் மறக்கவில்லை, ஆனால் மாதாவிடம் மட்டும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை விடிகிற நேரத்தில், கரையிலிருந்து நாலு மணி நேரத் தூரத்தில், வலையை இழுக்கிற விஞ்சில் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது ரூபனின் வலது கை உள்ளே போயிற்று. பெருவிரலைத் தவிர நாலும். கட்டியிருந்த சாரத்தைக் கிழித்துக் கையில் சுற்றி, அந்த நாலு மணி நேரமும் அவனை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அப்புறம் அவன் கடலுக்குப் போகவில்லை. கேட்டது கிடைத்தது. இதைத்தான் அவளால் எந்தப் பக்கம் திருப்பிப் போட்டும் முழுங்க முடியவில்லை, கேட்டது கிடைத்தது, கேட்டபடியே கிடைத்தது, ஒரு எழுத்துகூடக் குறையவில்லை.

எதிரே ஒரு மீன்வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, உருகின ஐஸ் தண்ணீர் ரோட்டில் கோடு போட்டபடி. அவள் ஓரத்து மணலில் இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தாள், இது நடைக்கணக்கில் சேரட்டும். பங்குச்சாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தாள். சாமி, என் மகன் கையை நான்தான் எடுத்தேன் என்று ஆரம்பித்ததும் அவர் திரைக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. முழுசும் கேட்டுவிட்டு, "ஏம்மா, மாதா என்ன அரிவாளை மடியில வச்சுக்கிட்டா உக்காந்திருக்காங்க? விஞ்சு பழசு, அவன் தூக்கக் கலக்கத்துல இருந்தான், கை போச்சு. உசுரு தப்புச்சே, அதுக்கு நன்றி சொல்லு" என்றார். நல்ல மனுஷன். ஆனால் நன்றி சொல்லு என்பதில்தான் எல்லாமே இடிக்கிறது. நன்றி சொன்னால், எடுத்ததற்கும் சேர்த்துச் சொன்னதாகாதா. சொல்லாமல் விட்டால், வாக்குத் தவறினவள் என்று ஆகி, மிச்சம் இருக்கிறதுக்கும் ஏதாவது வந்தால். மிச்சம் என்றால் அவனுடைய இடது கை, கண், கால், மூச்சு, எத்தனை மிச்சம் இருக்கிறது ஒரு பிள்ளை உடம்பில், பெற்றபோது ஒவ்வொரு விரலாகத் தொட்டுத்தானே பார்த்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறான், இடது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு. குழம்பில் முள் இருந்தால் எடுக்க முடியாமல் அப்படியே ஒதுக்கி வைத்துவிடுகிறான். முள்ளெடுத்துத் தரட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். "நான் என்ன கைப்புள்ளையா?" என்றான், கை என்ற சொல் வாயில் வந்ததும் இரண்டு பேருமே வேறு எங்கோ பார்த்தார்கள். ஜெபத்துக்கு உட்காரும்போது அந்தப் பெருவிரலால் நெற்றியில் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொள்கிறான். அதற்கென்றே மாதா அதை மட்டும் விட்டுவைத்தாளோ என்று ஒரு நாள் நினைப்பு வந்தது, அந்த நினைப்புக்காக எழுந்துபோய் அடுப்படியில் நின்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டும், சொன்னால்தான் இந்தப் பாரம் இறங்கும், ஆனால் சொன்னால் அது இறங்கி எங்கே போகும், அவன் தலையில்தானே போய் உட்காரும்.

"அடியே பிரகாசி! சைக்கிளை நீ கூட்டிட்டுப் போறியா, அது உன்னையக் கூட்டிட்டுப் போகுதா?" என்று ஒரு குரல் வேலிப்பக்கமிருந்து வந்தது. ஜெய்னம்பு. தலையில் முக்காட்டுக்கு மேல் ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டு, ஆடு மேயவிட்டுக்கொண்டிருந்தாள். அறிவொளி காலத்தில் இரண்டு பேரும் ஒரே வாடகைச் சைக்கிளில் விழுந்து எழுந்து பழகினவர்கள், ஜெய்னம்புவின் முன்பல் ஒன்று அந்த மைதானத்தில்தான் எங்கேயோ கிடக்கிறது. பிரகாசிக்கு நிற்க மனமில்லை, ஆனால் கால் நின்றுவிட்டது. "மணல்முனைக்கு" என்றாள். "நேர்ச்சையா?" "ம்." "சைக்கிள்ல நேர்ச்சையா? உங்க மாதா ஒத்துக்குவாங்களா? எங்க தர்காவுலன்னா காத்தை இறக்கிவிட்டு அனுப்பிருவாங்க" என்று ஜெய்னம்பு சிரித்தாள், பல் இல்லாத இடத்தின் வழியாகச் சிரிப்பு பாதி காற்றாகப் போனது. பிரகாசியும் சிரிக்கத்தான் நினைத்தாள். முகம் என்ன செய்ததோ, ஜெய்னம்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, பக்கத்தில் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி இருக்கான் புள்ள?" "இருக்கான்." "வேலை வெட்டி?" "கரையில அவனுக்கு என்ன வேலை. வலை பின்ன விரல் வேணும், ஐஸ் ஒடைக்கக் கை வேணும்." "அல்லா இருக்கான்டி. நீ கும்புடாத கும்புடா. நீ கேட்டு இல்லேன்னு ஆயிருமா?" என்றாள் ஜெய்னம்பு. ஆகாது, ஜெய்னம்பு, ஆகாது, அதுதான் பயம், என்று சொல்ல வாய் வந்தது, ஆடு ஒன்று ரோட்டுக்கு ஏற ஜெய்னம்பு அதை வைதுகொண்டே ஓடினாள். பிரகாசி ஏறி மிதித்தாள். கும்பிடாத கும்பிடா. வீட்டுக்காரர் சந்தியாகு இருந்தவரைக்கும் அவரும் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார், இவ மாதாவை நிம்மதியா உக்காரவிட மாட்டா என்று. அவர் முப்பது வருஷம் கடலுக்குப் போய்விட்டுக் கட்டிலில் படுத்துத்தான் செத்தார், நெஞ்சுவலி. முப்பது வருஷமும் அவள் வேண்டினாள், இன்றைக்குப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று அன்றன்றைக்கு வேண்டினாள், என்றைக்கும் அதற்கு மேல் கேட்டதில்லை. பேராசைப்பட்டது மகன் விஷயத்தில்தான், ஒரே தடவையில் வாழ்நாள் முழுசுக்கும் கேட்டாள்.

தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் சைக்கிளை இனி மிதிக்க முடியாது, தள்ளவும் சிரமம்தான், சக்கரம் புதைந்தது. இங்கிருந்து முனை வரைக்கும் முக்கால் மணி நேரம், இதாவது நடை, இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்தாள். அலை என்று ஒன்றும் பெரிதாக இல்லை, சேறும் தண்ணீருமாகக் கடல் வெகுதூரம் உள்வாங்கிக் கிடந்தது, ஒதுங்கின பாசி அழுகின வாடை மூக்கில் ஏறியது. தூரத்தில் பறவைகள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தன, இந்தக் குளிருக்கு எங்கிருந்தோ வந்து நிற்கிறவை, இன்னொரு கால் இருக்கிறதா இல்லையா என்று இங்கிருந்து தெரியவில்லை. இருக்கும். மடக்கி வைத்திருக்கும். வேண்டும்போது இறக்கிக்கொள்ளும். அப்போதுதான் கூடைக்குள்ளிருந்து போன் அடித்தது. ரூபன். அவன் இந்த நேரத்தில் கூப்பிடமாட்டானே, என்ன ஆச்சோ என்று பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள். "அம்மா, எங்க இருக்கீங்க?" "மணல்லய்யா. கிட்டக்க வந்துட்டேன். என்னய்யா?" "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தான். சிரித்தான். புரட்டாசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அவள் கேட்கவில்லை, மணலில் சைக்கிள் சாய்ந்து விழுந்தது கூடத் தெரியாமல் அந்தச் சிரிப்பையே பிடித்துக்கொண்டு நின்றாள். "செல்லக்கண்ணு அண்ணன் வந்திருந்தாரும்மா. அவரு போட்டுக்கு டிரைவரா வரச் சொல்றாரு. ஸ்டீரிங் பிடிக்க ஒரு கை பத்தாதாடாங்குறாரு. நான் இப்பதான் போய் ஓட்டிப் பாத்துட்டு வந்தேன். நல்லா வருதும்மா. முட்டுக்கையால அணைச்சுக்கிட்டா சும்மா நிக்குது." காற்று அவன் குரலைப் பாதி பாதியாகக் கொடுத்தது. "எங்கய்யா போறதுக்கு?" என்று கேட்டாள், அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்துகொண்டே கேட்டாள். "எங்கயா? கடலுக்குத்தாம்மா. புயல் எச்சரிக்கையை எடுத்துட்டாங்க, திங்கக்கிழமை டோக்கன் குடுக்குறாங்க." "வேணாம்ய்யா." "அம்மா." "உனக்குத்தான் கை..." "அம்மா, நான் சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சாப்புடுறது உங்களுக்குத் தெரியாதா? தெரியும்ல? இன்னும் எத்தனை வருசத்துக்கு?" அவன் மறுபடியும் அந்தச் சிரிப்புக்குத் திரும்பினான். "நீங்க மாதா கோயிலுக்குப் போற அன்னைக்கே அண்ணன் வந்துருக்காரு பாருங்க. நல்லா வேண்டிக்கிட்டு வாங்கம்மா. நீங்க கேட்டா மாதா இல்லேன்னு சொல்லாது." போன் வைத்துவிட்டான். சொல்ல வேண்டியதைச் சொல்லுவதற்கு அதுதான் சமயம், அந்தச் சமயம் அவள் காதுக்குள்ளேயே வந்து போய்விட்டது.

நிமிர்த்தின சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது, கால் ஒவ்வொன்றாக முன்னால் போய் விழுந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை. இன்றைக்கு வெள்ளி. ஆக, எடுத்தது எதற்கு. அவள் கேட்டதற்காக எடுக்கப்பட்டது என்றால் அவன் கரையில் இருக்க வேண்டுமே. அவள் கேட்டதற்கும் விஞ்சுக்கும் சம்பந்தமில்லை, சாமி சொன்னதுதான் சரி என்றால், அந்த நாலு விரலும் சும்மா போனது, ஒன்றுக்கும் இல்லாமல், யாரும் கேட்காமல், யாருக்கும் கொடுக்காமல், தண்ணீருக்குள் விழுந்து மீன் தின்றது. இத்தனை நாளாக அவள் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்த பாவத்துக்குள் ஒரு ஆறுதல் ஒளிந்திருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது. கையைக் கொடுத்து உயிரை வாங்கிக்கொண்டோம், கொடூரமான வியாபாரம், ஆனாலும் வாங்கியாயிற்று, இனி கடல் அவனைத் தொடாது என்று அடிமனசில் எங்கோ ஒரு மூலையில் படுத்துத் தூங்கியிருக்கிறாள். அதுவும் போயிற்று. இல்லை, ஒருவேளை மாதா இன்னும் முடிக்கவில்லையோ. இனிமேல் கடலுக்குப் போகக்கூடாது என்றால் இன்னும் ஒரு கை இருக்கிறதே என்று. ஐயோ, இதை யார் நினைத்தது, நான் நினைக்கவில்லை, மாதாவே, இதை நான் நினைக்கவில்லை, கேட்டுவிடாதே. அவள் காற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. வேண்டினதைத் திரும்ப வாங்க வேண்டும், முதலில் அதுதான், ஆடி மாதம் சொன்னதெல்லாம் இல்லை என்று சொல்ல வேண்டும். அவன் கடலுக்குப் போகக்கூடாது என்று சொன்னதைத் திரும்ப வாங்கினால், அப்போது போகட்டும் என்று சொன்னதாகிவிடுமா. போகட்டும் என்று தாய் வாயால் ஒரு சொல். அதை எந்த நேரத்தில் எந்தத் தேவதை காதில் வாங்குமோ.

கோயில் சின்னது, ஓடு போட்டது, மூன்று பக்கமும் தண்ணீர். வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற அமலி என்கிற பெண் கோணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுடைய புருஷன்தான் கோயில் பிள்ளை, சாவி அவர்களிடம்தான். முன்னால் விரித்த துணியில் தகடுகளைப் பரப்பி வைத்திருந்தாள், கண், கால், கை, குழந்தை, வீடு, படகு என்று எல்லாம் தகரத்தில் வெட்டி வெள்ளி பூசினது, குணமாகணும்னாலும் அதைத்தான் வைப்பார்கள், குணமானாலும் அதைத்தான் வைப்பார்கள். "வாங்கக்கா, காத்துல வத்தி நிக்காது, தகடு வாங்கி வையுங்க. யாருக்கு?" "மகனுக்கு." "என்னத்துல கோளாறு?" பிரகாசி குனிந்து பார்த்தாள். கை இருந்தது, ஐந்து விரலும் விரிந்து. படகு இருந்தது. கையை வைத்தால் எடுத்துக்கொண்டாய், சரி என்றாகுமா, இன்னொன்றையும் எடுத்துக்கொள் என்றாகுமா. படகை வைத்தால் படகு வேண்டாம் என்றா, படகோடு அவனைக் காப்பாற்று என்றா, படகை மட்டும் காப்பாற்று என்றா. தகட்டுக்கு வாய் இல்லையே, வாய் உள்ள அவள் சொன்னதே அங்கே போய் என்னவாகவோ ஆகிவிட்டது. "அப்புறம் வாங்கிக்கிறேந்தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே யாரும் இல்லை. மாதாவின் நீலம் உப்புக்காற்றில் பொரிந்துபோயிருந்தது, பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள், பிள்ளைக்கு எல்லா விரலும் இருந்தன. பிரகாசி முட்டி போட்டாள், இடது முட்டியில் ஊசி இறங்கினது, இறங்கட்டும். நன்றி என்று ஆரம்பித்தாள், நன் என்பதோடு நின்றுவிட்டது. சரி, நன்றி பிறகு. காப்பாற்று. எப்படிக் காப்பாற்றுவாள், கடலில் இருந்து காப்பாற்றக் காலை எடுத்துக்கொண்டால். நல்லபடியாகக் கொண்டுவந்து சேர். நல்லபடி என்றால் யாருக்கு நல்லபடி, தெற்குத் தெருப் பிள்ளைகளையும்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். நீண்ட ஆயுசு கொடு. எந்த நிலைமையில். அவனுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள். எடுத்துக்கொண்டால் அவனுக்கு முள்ளெடுத்துத் தரட்டுமா என்று கேட்கவாவது யார் இருப்பார்கள். உன் சித்தம் போல ஆகட்டும். அதுதான் இருப்பதிலேயே பெரிய வெற்றுத்தாள். சின்ன வயசிலிருந்து சொன்ன அத்தனை சொல்லையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதற்கு முன்னால் முள் தடவுவது மாதிரித் தடவிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது. பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள், ரூபன் என்று மட்டும், அதில் என்ன இருக்கப்போகிறது. உதடு பிரிந்தது. இத்தனை பேர் இருக்கிற கரையில் இவன்தான் என்று விரல் நீட்டிக் காட்டினதாகிவிட்டால். உதட்டை மூடிக்கொண்டாள். பற்களைக் கடித்து, மூக்கால் மட்டும் மூச்சுவிட்டு, மனசையும் ஒரு பாத்திரத்தைக் கவிழ்ப்பது போலக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் உள்ளே வராமல் காவல் காத்தபடி, எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ தெரியவில்லை. கண்ணீர் வந்தது, அதையும் உடனே துடைத்தாள், அதுவும் ஒரு கேட்பதாக ஆகிவிடக் கூடாது.

மத்தியானத்துக்குச் சாத்த வேண்டும் என்று அமலி சாவியோடு வந்து நின்றாள். பிரகாசி தூணைப் பிடித்து எழுந்து வெளியே வந்தாள். "நல்லா அழுது கேட்டீங்க போலயேக்கா. அழுது கேட்டா மாதா தாங்கமாட்டாங்க" என்றாள் அமலி, கதவை இழுத்துக்கொண்டே. "என்ன கேட்டீங்க?"

"ஒண்ணும் கேக்கல."

"அட, இம்புட்டுத் தூரம் இந்தக் குளிர்ல வந்துட்டு ஒண்ணும் கேக்கலயா? சும்மா சொல்லுங்கக்கா."

கதவு இன்னும் முழுதாகச் சாத்தவில்லை. அந்த இடுக்கைப் பார்த்து, உள்ளே கேட்கிற மாதிரி, பிரகாசி சத்தமாகவே சொன்னாள்: "நான் ஒண்ணுமே கேக்கலம்மா."